லாஸ் எவ்வளவு?

எங்கள் லேபில் காலையில் யார் உள்ளே வந்தாலும் முதல் கேள்வி, "லாஸ் எவ்வளவு?" என்பதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது போலிருக்கிறது என்று பயந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, அது கல்லின் லாஸ். சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைப் பொடித்து ஒரு கிராம் எடுப்போம். குரூசிபிள் கிண்ணத்தில் போட்டு, மஃபிள் ஃபர்னஸ் என்ற உலையில் 1000 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஈரம் ஏறவிடாத டெசிகேட்டர் ஜாடியில் ஆறவிட்டு மறுபடி எடை பார்த்தால் ஏறக்குறைய அரை கிராம்தான் மிஞ்சும். மீதி, கண்ணுக்குத் தெரியாமல் போயே போய்விட்டிருக்கும். துளி கலப்பில்லாத கல் என்றால் நூற்றுக்கு 52 போகும். சிலிக்கா கலந்திருந்தால் 50, 48 என்று இறங்கும். லாஸ் கூடினால் நல்ல கல். நஷ்டம் கூடக்கூடச் சந்தோஷப்பட்ட ஆபீஸ் வேறெங்காவது இருந்ததா என்று தெரியவில்லை.

முப்பது வருஷம் அந்த அரை கிராமை நோட்டில் எழுதினேன். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கரியமில வாயு என்று தெரியும், அவ்வளவுதான். எட்டாவது படிக்கும் என் பேத்தி வந்துதான் நினைக்க வைத்தாள்.

2025 காணும் பொங்கலன்று ஏற்காடு போனோம். காணும் பொங்கலுக்கு ஏற்காடு போவது விவரமானவர்கள் செய்கிற காரியமில்லை. அடிவாரத்திலேயே வண்டிகள் வரிசையாக நின்றன. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஊர்ந்து ஏறி லேடீஸ் சீட் காட்சி முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. கூட்டம் மிளகாய் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்திருந்தது. கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. மேற்கே சிவப்பு வடிந்த வானத்தில், நல்ல உயரத்தில், பளிச்சென்று ஒன்று.

"தாத்தா, அது ஏரோப்ளேனா? நகரவே மாட்டேங்குது."

"வெள்ளி, கண்ணு."

என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு அது சுக்கிரன். சுக்கிர திசை இருபது வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்பார்கள். எனக்கும் அது நடந்தது. அந்த இருபது வருஷமும் நான் லேபில் கல்லைத்தான் சுட்டுக்கொண்டிருந்தேன்.

பேத்திக்கு அன்று கையில் ஒரு வேலை இருந்தது. உயிர் வாழ்வதற்கான வசதிகளைப் பூமியோடு ஒரு பக்கத்துக் கோளை வைத்து ஒப்பிட்டு அட்டவணை போட வேண்டும். வகுப்பில் எல்லாரும் செவ்வாயை எடுத்துக்கொண்டதால் இவள் வெள்ளியை எடுத்திருந்தாள். கல்திண்டில் உட்கார்ந்து போனிலிருந்து படித்துக் காட்டினாள். பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர், வெள்ளிக்கு 6052. ஈர்ப்பு நம்முடையதில் பத்தில் ஒன்பது பங்கு. அறுபது கிலோ பாட்டி அங்கே ஐம்பத்துநாலு கிலோதான் என்றதும் பாட்டிக்கு வெள்ளி மேல் இன்னும் கொஞ்சம் பக்தி வந்தது. சூரியன் மேற்கே உதிக்கும். ஒரு உதயத்திலிருந்து அடுத்த உதயத்துக்கு நம் கணக்கில் 117 நாள். ஆனால் வருஷமோ 225 நாள்தான். இரண்டு தடவை விடிந்து அடைந்து மூன்றாவது தடவை விடிவதற்குள் வருஷமே முடிந்துவிடும்.

"தரையில சூடு 465 டிகிரி" என்று அதே மூச்சில் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

நான் நிறுத்தினேன். எனக்கு 465 என்றால் என்னவென்று தெரியும். தினமும் காலையில் ஃபர்னஸைப் போட்டால் முள் அந்த எண்ணைத் தாண்டித்தான் மேலே போகும். ஆனால் அவளுக்குச் சொல்ல ஃபர்னஸ் உதவாது. அவள் பாட்டியின் ஈயச்சொம்பு உதவும். கல்யாணமான புதிதில் என் மனைவி, ரசத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது சொம்பு இல்லை, அடுப்பில் ஒரு வெள்ளிக் குட்டைதான் இருந்தது. அது என் அம்மா கொடுத்த சொம்பு. பிறகு வீட்டில் நடந்தது வேறு கதை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் 327-ல். துத்தநாகம் 420-க்கு ஒரு பொட்டு முன்னால். வெள்ளிக் கோளின் தரையில் இந்த மூன்றும் ராத்திரி பகல் என்று பார்க்காமல் தண்ணியாகத்தான் கிடக்கும். துருவத்துக்குப் போனாலும் பெரிய மாற்றம் இல்லை. வெள்ளி உருக மட்டும் 961 டிகிரி வேண்டும். ஆக, வெள்ளியில் வெள்ளிக் கொலுசுக்கு ஆபத்தில்லை.

அடுத்தது அழுத்தம். நம்மைப் போல 92 மடங்கு என்று எழுதியிருந்தாள். மங்கலாக அந்தப் பக்கம்தான் மேட்டூர் என்று கை காட்டி, அதை வைத்தே கணக்குப் போட்டோம். அணை நிறைந்தால் 120 அடி. அதன் அடியில் நின்றால் தண்ணீர் மட்டும் மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தும். நிறைந்த மேட்டூர் அணைகள் இருபத்தைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அடியில் நின்றால் அது வெள்ளி. அங்கே காற்றே அந்தக் கனம். ரஷ்யர்கள் அனுப்பிய வெனேரா 13 என்ற கலம் 1982 மார்ச்சில் இறங்கியது. 32 நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும் என்று கட்டியது, 127 நிமிஷம் தாங்கியது. கலரில் படமும் அனுப்பியது. ஆரஞ்சு நிற வெளிச்சத்தில் தட்டுத்தட்டான பாறைகள். புல்லோ ஈரமோ எதுவும் இல்லை. அந்தப் படத்தை அவள் போனில் பெரிதாக்கிக் காட்டியபோது எனக்கு ஏதோ பழைய குவாரி ஞாபகம்தான் வந்தது.

"சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு, அதான் சூடு" என்று காரணத்தையும் எழுதி வைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தபோதுதான் அது பாதிக் காரணம்கூட இல்லை என்று புரிந்தது. வெள்ளிக்கு நம்மைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயில் போகிறது. ஆனால் அதன் மேகம் முக்கால்வாசி வெயிலைத் திருப்பி அடித்துவிடுகிறது. அதனால்தான் அந்தப் பளபளப்பு. பூமி திருப்பி அனுப்புவது முப்பது சதவீதம்தான். கழித்துப் பார்த்தால் வெள்ளி உள்ளே வாங்கிக்கொள்ளும் வெயில் நம்மைவிடக் குறைவு! வரவு குறைவு, ஆனால் செலவழிக்க விடாத வீடு. அதன் காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. உள்ளே வந்த சூட்டை அது எளிதில் வெளியே விடாது.

ஏரிப் பக்கம் வண்டி எடுக்க வந்தபோது கிழக்கே மரங்களுக்கு மேல் சிவப்பாக ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. செவ்வாய். அன்றைக்குச் சூரியனுக்கு நேர் எதிரே வந்திருந்தது, அதனால் சூரியன் மேற்கே விழுந்ததும் அது கிழக்கே எழுந்தது. ஒரு பக்கத்து வீட்டுக்காரன் மேற்கில், இன்னொருவன் கிழக்கில். செவ்வாயைப் பற்றி அவள் வகுப்பே எழுதிவிடும் என்பதால் நான் அதிகம் சொல்லவில்லை. அங்கேயும் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயுதான், ஆனால் மொத்தக் காற்றும் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. போர்வையே இல்லாத வீடு. சராசரியாக மைனஸ் அறுபது டிகிரிக் குளிர். ஒன்றே ஒன்று மட்டும் எனக்குக் குஷி: 2021-ல் பெர்சிவரன்ஸ் வண்டி இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில் ஆலிவைன் என்ற கனிமமும், நம் வெள்ளைக்கல்லின் சரக்கான மக்னீசியம் கார்பனேட்டும் சேர்ந்து கிடக்கின்றன. நம் வெள்ளைக்கல் கிடக்கும் டூனைட் பாறையும் ஆலிவைன்தான். செவ்வாயில் எங்களுக்குச் சொந்தக்காரக் கல் இருக்கிறது. (நிலாவுக்கும் இந்தப் பக்கம் உறவு உண்டு. சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் போலச் செய்ய, நாமக்கல் மாவட்டத்து சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் பொடித்துக் கொண்டுபோனார்கள்.)

இறங்கும்போதுதான் விஷயம் சூடு பிடித்தது. ஏற்காடு 1515 மீட்டர், சேலம் 278. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால், மேலிருந்து கீழே வருவதற்குள் எட்டு டிகிரி ஏறும். பத்தாவது வளைவில் பேத்தி ஸ்வெட்டரைக் கழற்றினாள். பதினைந்தில் பாட்டி சால்வையை எடுத்தாள். "வெள்ளியிலயும் மேல ஏறுனா குளிருமா தாத்தா?" என்று கேட்டாள்.

குளிரும். அங்கே ஆயிரம் மீட்டருக்கு எட்டு டிகிரி அளவில் இறங்கும். ஆனால் தொடங்குவது 465-ல் ஆயிற்றே. வெள்ளியின் ஆக உயரமான மேக்ஸ்வெல் மலை 11 கிலோமீட்டர், அதாவது சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் ஏற்றத்தைப் போல ஒன்பதை அடுக்கின உயரம். அதன் உச்சியிலும் 380 டிகிரி. மலை போதாது, காற்றிலேயே ஏற வேண்டும். 55 கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் 30 டிகிரிக்குள் வந்துவிடும். அழுத்தம் நம்மில் பாதி. ஏற்காட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் கொண்டை ஊசி வளைவு. அங்கே இதமாகத்தான் இருக்கும், ஆனால் சுற்றிலும் இருக்கும் மேகம் கந்தக அமிலம். மழையும் உண்டு, அதுவும் அமிலம்தான். தரைக்கு வந்து சேருமுன் சூட்டில் ஆவியாகிவிடும். 1985-ல் வேகா கலங்கள் இரண்டு பலூன்களை அந்த உயரத்தில் விட்டன. இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக மிதந்து தகவல் அனுப்பின. அந்த மேகத்தில் நுண்ணுயிர் இருக்கலாமா என்ற கேள்வி பழையது. 2020-ல், நுண்ணுயிர் விடக்கூடிய பாஸ்பீன் வாயு அங்கே தெரிகிறது என்று ஒரு குழு சொல்ல, இல்லை என்று வேறு குழுக்கள் மறுக்க, வழக்கு இன்னும் முடியவில்லை. நம் ஆட்களும் போகிறார்கள். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1236 கோடி ரூபாய்க்கு வெள்ளிச் சுற்றுக்கலத் திட்டத்தை அனுமதித்தது. 2028 மார்ச்சில் கிளம்ப வேண்டும் என்பது திட்டம்.

அடிவாரத்தைத் தாண்டி ஊருக்குள் வரும்போது, தூரத்து இருட்டில் எங்கள் பழைய சுரங்கத்து மேடு வெளுப்பாகத் தெரிந்தது. வெள்ளைக்காரன் இதற்கு 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக்கட்டி மலை என்று பேர் வைத்தான். சுண்ணக்கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நிறத்தைப் பார்த்து ஏமாந்தான். அந்த மேட்டைப் பார்த்தபோதுதான் எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. வெள்ளியில் அவ்வளவு கரியமில வாயு. பூமியில் காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்குதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக் கோள், ஒரே மாதிரிச் சரக்கில் உருண்டவை. அப்படியென்றால் நம் பங்கு எங்கே?

கல்லுக்குள். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பளிங்கு, எங்கள் வெள்ளைக்கல், இவற்றுக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயுவை முழுக்க வெளியே விட்டால், வெள்ளியின் காற்றில் இருக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்கிறார்கள் புவியியல்காரர்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை.

அடைத்தது யார்? மழை. இதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. மழைத்துளி விழும்போது காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சோடாவைவிட மிக மிக மெல்லிய புளிப்பு. அந்தப் புளிப்பு, பாறையைக் கோடிக்கணக்கான வருஷம் நக்கி நக்கித் தின்கிறது. சேர்வராயன் மலையின் கருங்கல் சார்னோகைட். மலை உச்சியில் அது அரிக்கப்பட்டு, கரையக்கூடியது எல்லாம் கரைந்துபோய், கரையாத அலுமினியச் சத்து மட்டும் தங்கியதுதான் பாக்சைட். அதை வெட்டித்தான் மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள். கரைந்துபோனது என்னவாயிற்று? திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்குப் போய், காவிரி வழியாகக் கடலுக்குப் போயிற்று. கடலில் கிளிஞ்சலும் பவளமும் அந்தச் சுண்ணாம்பை எடுத்து, கூடவே வந்த கரியமிலத்தையும் சேர்த்து, ஓடு கட்டிக்கொண்டன. செத்து விழுந்த ஓடுகள் படிந்து கல்லாயின. எங்கள் வெள்ளைக்கல் கடலுக்கெல்லாம் போகவில்லை. டூனைட் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்து, பாறையின் மக்னீசியத்தோடு கூடி அங்கேயே வெள்ளை நரம்பாக உறைந்துவிட்டது. பூமி அடைத்ததோடு விடுவதும் இல்லை. கடலடித் தட்டு உள்ளே இறங்கும்போது கல்லும் கூடவே போய் வெந்து, எரிமலை வழியாகக் கொஞ்சம் வாயு திரும்பி வரும். எங்கள் கம்பெனியில் வெள்ளைக்கல்லைச் சுடும் சூளை மாதிரியே. போவதும் வருவதுமாக ஒரு கணக்கு நடப்பதால்தான் இங்கே தண்ணீர் கொதித்தும் போகவில்லை, மொத்தமாக உறைந்தும் போகவில்லை.

வெள்ளியில் அந்த மழை இல்லை. ஒருகாலத்தில் கடலே இருந்ததா, இல்லை தொடக்கத்திலிருந்தே ஆவியாகத்தான் நின்றதா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் தண்ணீர் இருந்தது, பிறகு போனது என்பதற்கு ஒரு தடயம் உண்டு. 1978-ல் அமெரிக்காவின் பயனியர் வீனஸ் கலம் அங்கே காற்றில் இறங்கி அளந்தபோது, சாதாரண ஹைட்ரஜனுக்குக் கனமான ஹைட்ரஜன் இருக்கும் விகிதம் பூமியைவிட நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. லேப்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். சட்டியில் உப்பு அதிகமாகத் தெரிந்தால் குழம்பு சுண்டியிருக்கிறது என்று அர்த்தம். நீராவி உயரே ஏறி, புற ஊதாக் கதிரில் உடைந்து, லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிட, கனமானது பின்தங்கிவிட்டது. பூமியில் நீராவி அவ்வளவு உயரம் போகாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலேயே குளிரில் உறைந்து திரும்ப விழுந்துவிடும். ஏற்காட்டில் கண்ணாடியில் படிந்து என்னைத் திட்டவைக்கும் பனிமூட்டத்தை அன்றைக்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் சொன்னால் எட்டாம் வகுப்பு அட்டவணையில் எங்கே எழுதுவது என்று பேத்தி முறைத்தாள். ஒரு வரிசை கூடுதலாகப் போடு என்றேன்: கரியமில வாயு இருக்கும் இடம். வெள்ளி — காற்றில். பூமி — கல்லில். "கல்லுக்குள்ள காத்து எப்படி இருக்கும்? மிஸ் நம்ப மாட்டாங்க" என்றாள். அவளே நம்பவில்லை என்பதுதான் விஷயம்.

சரி, காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்று லேப் சாவியைக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது, ஃபர்னஸுக்கு எங்கே போவது? செவ்வாய்ப்பேட்டையில் என் பால்ய சிநேகிதன் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறான். (செவ்வாயில் வெள்ளி உருக்குகிற ஊர் எங்களுடையது.) வெள்ளியே உருகும் உலையில் வெள்ளைக்கல் வேகாதா? என் மேஜையில் பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருந்த கல்லில் ஒரு சில்லு உடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு நெல்லிக்காய் அளவு கல். அவன் வெள்ளி நிறுக்கும் தராசில் சரியாக 40 கிராம். சுத்தியால் சிறு துண்டாக்கி, புதுக் குகை ஒன்றில், அதாவது வெள்ளி உருக்கும் கிண்ணத்தில் போட்டோம். பழைய குகையைத் தர மாட்டேன் என்று சண்டை போட்டான். அதன் சுவரில் ஒட்டியிருக்கும் வெள்ளி போய்விடுமாம். உலையில் வைத்து ஒன்றரை மணி நேரம். பேத்தி நடுவில் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "ஒண்ணுமே நடக்கலியே, புகைகூட வரல" என்று சொன்னாள். ஆறவைத்து, ஈரம் இழுப்பதற்குள் தராசில் கொட்டினோம். துண்டுகள் பார்க்க அப்படியேதான் இருந்தன, கொஞ்சம் மங்கலாக, தொட்டால் மாவாக. எண் 19.8 என்று நின்றது.

பேத்தி போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். போன 20.2 கிராம் வாயு, சாதாரண வெப்பத்தில் பதினோரு லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் பாதிக்கு மேல். அது ஒரு நெல்லிக்காய்க்குள் இருந்திருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு வந்த பத்து டன் லாரி ஒவ்வொன்றிலும் ஐந்து டன் அப்படித்தான் சூளைப் புகைபோக்கி வழியாகப் போயிருக்கிறது, சூளை எரித்த எண்ணெயின் புகை தனி. நான் லேபில் நாளுக்கு இருபது சாம்பிள், வருஷம் 300 நாள், முப்பது வருஷம் என்று போட்டால், என் கையாலேயே 90 கிலோ.

"லாஸ் ஐம்பதரை" என்றேன் பழக்க தோஷத்தில்.

சிநேகிதன் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "பாதிக்குப் பாதி சேதாரமா? ஏன்டா, நாங்க சாயங்காலம் தரை கூட்டின குப்பையைக்கூட எடை போட்டு விப்போம். இவ்வளவையும் காத்துல விட்டா உங்க கம்பெனியில ஒருத்தரும் கேக்கலியா?"

"கேட்டாங்க" என்றேன். "தினமும் காலையில கேட்டாங்க."